வரைபடத்தின் நடுவில் இருக்கும் வெள்ளை இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரான்ஸ் கார்ப் பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். நான் புதுச்சேரியில் பிறந்தவள். கல்யாணமாகி லியோனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் விடமாட்டேன். லியோனையும் போர்தோவையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருப்பதற்குத்தான் ஒரே வரி: ஏ89 நெடுஞ்சாலையில் ஏறினால் ஆறு மணி நேரத்தில் போர்தோவாம். கூடவே போட்ட வரைபடத்திலும் கிழக்கே ஒரு புள்ளி, மேற்கே ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு, மற்றதெல்லாம் வெள்ளை.

கார்தான் வசதி என்று அவர் சொல்வது சரி. இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் மாசிஃப் சாந்த்ரால் மலைநாட்டைக் குறுக்கே கடந்து போக நேரடி ரயில் இல்லை. அதிவேக ரயிலில் போனால் பாரிஸ் பக்கமாகச் சுற்ற வேண்டும். ஏ89 மீதும் எனக்குக் கோபமில்லை. 2013இல் அது லியோன் பக்கம் வரை திறந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அவசரமென்றால் அதில்தான் போவேன். ஆனால் ஊர் பார்க்க வந்தவர்களை அதில் அனுப்புவது, கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் பந்தியைக் காட்டாமல் அனுப்புவது மாதிரி.

நான் சொல்லும் வழிக்கு மூன்று இரவுகள் வேண்டும்: லெ புய், சலேர்ஸ், சார்லா. மூன்றுமே சின்ன ஊர்கள்.

லெ புய் ஊருக்குள் நுழையும்போதே எரிமலைப் பாறைகள் வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும். ஒன்றின் உச்சியில் பத்தாம் நூற்றாண்டுத் தேவாலயம், 268 படிகள். என் முழங்கால் பாதியிலேயே முறையிட்டது, இருந்தாலும் ஏறிவிட்டேன். இன்னொரு பாறையில் மாதா சிலை; கிரிமியப் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது, 1860இல் நிறுவினார்கள். சனிக்கிழமை போனால் சந்தை இருக்கும். அங்கே விற்கும் பச்சைப் பருப்புக்கு 1996இல் ஊர்ப் பெயரோடு சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சாம்பாருக்கு ஆகாது, குழையவே குழையாது. சுண்டலுக்கு அருமை. போகிறவர்கள் இரண்டு கிலோ வாங்கி வையுங்கள்.

அங்கிருந்து மேற்கே சேன் ஃப்ளூர் என்ற ஊர். அதற்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கராபி ரயில் பாலம். பாரிஸ் கோபுரத்துக்கு முன்பே எஃபெல் நிறுவனம் கட்டிய இரும்பு வளைவு அது. ஆற்றிலிருந்து 122 மீட்டர் உயரம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முரா என்ற ஊர் வழியாகப் புய் மாரி மலைக்கு ஏற வேண்டும்.

இங்கேதான் கட்டுரையாளரோடு எனக்குப் பெரிய சண்டை. ஏப்ரல்தான் சிறந்த மாதம் என்று எழுதியிருக்கிறார். ஏப்ரலில் அந்த மலையின் கணவாய், பா த பெய்ரோல், பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும். சுமார் 1,590 மீட்டர் உயரம். மாசிஃப் சாந்த்ராலில் கார் ஏறும் கணவாய்களில் இதுதான் உயர்ந்தது. நாங்கள் ஒரு மே மாத முதல் வாரத்தில் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போனோம். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கீழே முராவிலேயே பலகை இருந்திருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் யாரும் பார்க்கவில்லை. மேலே போனால் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கட்டை, அதற்கு அப்பால் பனி. வந்த வழியே இறங்கி, லியோரான் சுரங்கப்பாதை வழியாகச் சுற்றினோம். ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. பிரெஞ்சுக் கிராமத்தில் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான்; கெஞ்சினாலும் கிடைக்காது. மாமியார் கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரைதான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது.

அடுத்த வருடம் செப்டம்பரில் போனோம். கணவாயில் நின்று பார்த்தால் சுற்றிலும் பள்ளத்தாக்குகள் விரித்த விசிறி போல இறங்குகின்றன. காந்தால் என்ற இந்த மலைப்பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஒரே எரிமலை என்பது அங்கே நின்றால்தான் புரியும். இறங்கும் வழியெல்லாம் கருஞ்சிவப்பு நிறத்தில், வளைந்த நீளக் கொம்போடு சலேர்ஸ் மாடுகள். பழைய முறையில் கறப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மாடு பாலை இறக்காது. முதலில் கன்றை ஊட்ட விட்டு, பிறகு தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுத்தான் கறக்கிறார்கள். கன்றின் முதுகில் கொஞ்சம் உப்பும் தடவுவார்கள், தாய் நக்கிக்கொண்டே நிற்பதற்காக. என் மாமியார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நம்ம ஊரு மாடுதானம்மா இது” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் பிரான்ஸில் அவருக்கு நிஜமாகப் பிடித்தது அந்த ஒரு தொழுவம்தான். அந்த மாட்டின் பெயரும் சலேர்ஸ், ஊர் பெயரும் சலேர்ஸ், ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும், மாடு புல் மேயும் காலத்தில் செய்யும் பாலாடைக்கட்டிக்கும் அதே பெயர்.

சார்லா பக்கத்தைப் பற்றி எல்லாப் பயண நூல்களும் எழுதிவிட்டன, அதனால் நீட்டவில்லை. தொர்தோஞ் ஆற்றை ஒட்டிப் பேனாக், லா ரோக் கஜாக் ஊர்கள் வழியாக மெல்லப் போங்கள். ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்குள் போக முடியும் என்று கட்டுரையில் இருப்பது தவறு. 1940இல் கண்டுபிடித்த அந்தக் குகையைப் பொதுமக்களுக்கு 1963லேயே மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016இல் திறந்த நகல். நகல்தானே என்று நினைக்காமல், முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

வண்டி ஓட்டுவது பற்றியும் கொஞ்சம். இந்திய உரிமம் மட்டும் போதும் என்று எழுதியிருக்கிறார். போதாது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டோ அதிகாரபூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்போ கையில் இருக்க வேண்டும். கிராமங்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை, அவர் சந்திலிருந்து டிராக்டரில் வந்தாலும் சரி. இருவழிச் சின்னச் சாலைகளில் 2018 முதல் வேக வரம்பு 80. அப்புறம் சில மாவட்டங்கள் சில சாலைகளில் 90க்குத் திரும்பிவிட்டன. பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். மலையில் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று நான் கணக்கு வைப்பேன். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரச் சனிக்கிழமைகளில் கிளம்பவே கிளம்பாதீர்கள். பாதி பிரான்ஸ் விடுமுறைக்குப் போகும், மீதி பாதி திரும்பி வரும்.

வழி போடக் கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை வேண்டாம் என்று சொன்னால், அது லாரிகள் போகும் சாலையில் கொண்டுபோய் விடும். மிஷ்லின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். அழகான சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் இருப்பது மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது, சரியாகப் புய் மாரி இருக்கும் இடத்தில்.

கட்டுரையை எப்போதாவது நூலாக்கினால் அந்த வரைபடத்தை மாற்றிவிடுங்கள். எல்லா ஊரும் வேண்டாம். சலேர்ஸுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மாமியாருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
லியோன்