மட்டக்களப்பின் ஐந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்கிறவன் நான். எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், வாய்க்காலுக்குத் தண்ணீர் விட வேண்டுமானால்கூட முதலில் கூட்டம் கூட வேண்டும். விவசாய ஆரம்பக் கூட்டத்தில் அரச அதிகாரிகள் முன்னே இருப்பார்கள். வாய்க்கால் நீரைக் கவனிக்கும் வட்டவிதானைமாரும் கமக்காரரும் எதிரே இருப்போம். விதைப்பின் கடைசித் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி, எந்த வயது நெல் என்று ஒவ்வொன்றாகப் பேசி, சண்டை பிடித்து, கையுயர்த்தி முடிவெடுப்போம். மாட்டுத் திகதியில் மட்டும் ஒரு மணி நேரம் போகும். ஆனால் எடுத்த முடிவு எல்லோரையும் கட்டும், மீறினால் வழக்கு.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அதற்கு யார் கையுயர்த்தினார்கள்?

புதிய சட்டமூலம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் முதலில் வர்த்தமானியில் வெளியாகி, பிறகு சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியிருக்கும். விரும்பிய குடிமகன் உயர் நீதிமன்றம் போயிருப்பான். குழுநிலையில் ஒரு வரியாவது திருந்தியிருக்கும். இதற்கு அவையெல்லாம் தேவைப்படவில்லை. அமைச்சரவை முடிவெடுத்தது. 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தில் ஓர் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளிவந்தது. அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒழுங்குவிதி முதலில் நடைமுறைக்கு வரும். சபையின் ஒப்புதலைக் கேட்பது அதற்குப் பிறகுதான். சபை மறுத்தாலும் அதற்குள் நடந்தது நடந்ததுதான்.

அந்த நவம்பரில் தடையை விலக்கினார்கள். எங்கள் நெல் அதற்குள் முளைத்துவிட்டது. பக்கக் கிளை வெடித்துத் தழைக்க வேண்டிய பயிர் மஞ்சள் பூத்து நின்றது. பக்கத்து வயற்காரர் வீட்டு மூலையில் கிடந்த அரை மூடை யூரியாவை நாலு பேர் பேணியால் அளந்து பங்கிட்டோம். என் பங்கு வரம்போரத்துக்கே போதவில்லை. சேதன உரத்தின் எதிரி அல்ல நான். மாட்டெருவும் வைக்கோலும் என் அப்பா காலத்திலிருந்தே எங்கள் வயலில் உண்டு. பத்து ஆண்டில் படிப்படியாகச் சேதன உரத்துக்கு மாறுவதாகக் கோட்டாபய ராஜபக்ச தேர்தலில் சொன்னதை ஒரே இரவில் செய்ததுதான் பிழை.

அன்று சபையில் இருந்தவர்கள் எல்லோரும் நீங்கள் அல்லர் என்பது தெரியும். ஆனால் அந்த வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது. பல சட்டமூலங்களின் கடைசிப் பக்கங்களில் "அமைச்சர் ஒழுங்குவிதிகளை ஆக்கலாம்" என்று ஒரு பிரிவு இருக்கும். நேரம் போய், கதிரைகள் காலியான பிறகு நிறைவேறுகிற பிரிவு அது. எங்கள் விதைப்பு அங்கேதான் முடிவாகிறது. கமத்தொழில் மாகாணத்துக்கும் உரிய விடயம் என்கிறீர்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் அங்கே கேட்கவும் ஆளில்லாமல் போயிற்று.

ஆகவே இரண்டு கேட்கிறேன். உரம், விதை, நெல் இறக்குமதி பற்றிய ஒழுங்குவிதி ஒப்புதலுக்கு வரும்போது பேசாமல் கையுயர்த்தாதீர்கள். அதன் தமிழ்ப் பிரதியை முன்கூட்டியே எங்கள் கமநல சேவை நிலையங்களுக்கு அனுப்புங்கள். அடுத்தது, பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவராவது வந்து, மேடையில் ஏறாமல் கமக்காரரோடு பின்வரிசையில் இருங்கள். மாட்டுத் திகதி முடிவாகும்வரை எழும்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னிச்சைக் கமக்காரன் ஒருவன்