உம்மாவின் ஹஜ்ஜுக்குத் துணை நின்றவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவும் என் மனைவியும் நானும் ஹஜ் முடித்து ஊர் திரும்பிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். வீடு தேடி வந்து ஸலாம் சொன்ன எல்லோருக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரன். சிலருக்கு மட்டும் கொஞ்சம் விவரமாகவே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத். ஹஜ் வகுப்பில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்லித் தருகிறார்கள். எவையெல்லாம் இல்லாமலும் ஹஜ் நிறைவேறும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர் இவர். கஅபாவில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லான ஹஜருல் அஸ்வதை முத்தமிட முண்டியடிக்க வேண்டாம். அதற்கு நேரே வரும்போது தூரத்திலிருந்து கையை உயர்த்தி ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொன்னால் போதும். ஹாஜிகள் இரவு தங்கும் முஸ்தலிஃபா வெளியிலிருந்து முதியவர்கள் நள்ளிரவு தாண்டியதும் கிளம்பிவிடலாம். கல்லெறியும் தூண்களான ஜமராத் வரை உம்மாவால் வர முடியாவிட்டால், என் கற்களை எறிந்த பிறகு உம்மாவுக்காகவும் நானே எறியலாம். கூட்டத்தில் அந்நிய ஆண் பெண் கை பட்டால் வுழூ (கை, முகம், கால் கழுவிச் செய்யும் சுத்தம்) முறியுமே என்று ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) சேர்ந்த நாங்கள் தவித்தபோது, கஅபாவைச் சுற்றும் தவாஃபில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்ற இடமிருக்கிறது என்றார். இதெல்லாம் தெரியாமல் போயிருந்தால் பக்தியின் பேரில் உம்மாவை நாங்களே வதைத்திருப்போம்.

மடக்குச் சக்கர நாற்காலி தந்த மேலத்தெரு காக்காவுக்கு (அண்ணனுக்கு) அடுத்த நன்றி. தவாஃப் முடிந்து களைத்த கால்களோடு ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கும் இடையே ஏழு நடை. மொத்தம் சுமார் மூன்று கிலோமீட்டர் வரும். நாற்காலிக்குத் தனிப் பாதை இருப்பதையும், செருப்பை வாசலில் விடாமல் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பியவரும் அவரே.

2024 ஹஜ்ஜில் வெயில் 50 டிகிரியைத் தாண்டி 1,300 பேர் இறந்த செய்தியைக் காட்டித் தடுத்த உறவினர்களும் உண்டு. பயம் நியாயம்தான். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அனுமதி இல்லாமல் போய், நிழலோ தங்குமிடமோ கிடைக்காமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று விசிட் விசாவைக் காட்டும் ஏஜெண்டை மட்டும் நம்பாதீர்கள்.

ஹாஜிகள் தங்கும் மினா கூடாரத்தில் பெண்கள் பகுதி தனி, நான் உள்ளே போக முடியாது. அங்கே என் மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட, உம்மாவைக் கழிப்பறை வரிசைக்கும் வுழூவுக்கும் கைபிடித்து அழைத்துப் போனவர் வாணியம்பாடிக்கார மாமி ஒருவர். உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மாமிக்கு எங்கள் ஸலாம் சொல்லுங்கள்.

பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்ட ராத்தாவுக்கு (அக்காவுக்கு) நன்றி சொன்னால் அடிக்க வருவாள். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

காக்கா அந்த நாற்காலியைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. அடுத்து ஹஜ்ஜோ உம்ராவோ போகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வலதுபக்கச் சக்கரம் கொஞ்சம் இழுக்கும், எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.