கொல்லப்பட்டவர்கள் பக்கமும் கேட்க வேண்டும்

ஆசிரியருக்கு,

'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' ஆவணப்படம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி, 5 லட்சம் பேருக்குக் குறையாமல் கொன்றார்கள். மேடான் நகரின் மொட்டை மாடி ஒன்றில், கம்பியால் கழுத்தை இறுக்கிய விதத்தை நடித்துக் காட்டிவிட்டு, அப்படிக் கொன்றவர்களில் ஒருவரான அன்வர் காங்கோ நடனமாடுகிறாரே, அந்தத் துணிச்சல் தண்டனையே கிடைக்காத இடத்தில்தான் வரும். கட்டுரையோ அவருடைய மனசாட்சியைச் சுற்றியே வருகிறது. எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் திரையிட்டபோதும் இதேதான்: படத்தின் கடைசியில் அன்வர் குமட்டியது நிஜமா, நடிப்பா என்பதிலேயே விவாதம் முழுக்கப் போயிற்று. செத்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படத்தில் வேலை செய்த இந்தோனேசியர்கள் பலர் பயத்தால் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை; அதற்குக் கட்டுரையில் ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இதே படத்தின் இயக்குநர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2014இல் வெளியிட்ட 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்தில், அண்ணனைப் பறிகொடுத்த மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர் ஒருவர், கொன்றவர்களுக்கே கண் பரிசோதனை செய்தபடி கேள்வி கேட்கிறார். திரைப்படச் சங்கங்கள் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாளில் திரையிடலாம். தாங்களும் இரண்டாவது படத்துக்கு அதே அளவு இடம் கொடுத்து ஒரு கட்டுரை வெளியிட வேண்டும்.

- வாசகர், மதுரை