பட்டியல் கேட்ட தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்துவிட்டு மேசை மேல் வைத்தேன். அதன் மேல் வருகைப் பதிவேடு ஏறி, அதற்கும் மேல் பிள்ளைகளின் ஓவியத் தாள்கள் ஏறி, நேற்றுதான் மறுபடி கைக்கு அகப்பட்டது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அவர்கள் சொல்வதை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலை மையத்தை நீ நடத்தப்போகிறாய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பி.டி. பீரியட் என்றாலே நம் இருவருக்கும் வயிற்றுவலி வந்துவிடுமே! வகுப்பில் பேசியதற்காக மைதானத்தை மூன்று சுற்று ஓடவைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஓட்டம் என்றால் எனக்குத் தண்டனைதான். அந்தக் கசப்பு போக முப்பது வருடம் ஆயிற்று. ஆகவே, சேட்டை செய்தான் என்று எந்தப் பிள்ளையையும் ஓடச் சொல்லாதே. அதே காரணத்துக்காக விளையாட விடாமல் உட்கார வைக்கவும் செய்யாதே.

விளையாட்டுக்கு ஒரு பட்டியல், சிற்றுண்டிக்கு ஒரு பட்டியல் கேட்டிருக்கிறாய். நானும் என் மாலை மையத்தை அப்படித்தான் ஆரம்பித்தேன், சுவர் முழுக்கப் பட்டியல். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 20 நிமிடத்தை மாலை ஓட்டப் போட்டியில் தேற்றிவிட்டதாக எனக்குப் பெருமை. ஒரு நாள் சும்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 24 பிள்ளைகள், ஒரே வரிசை. ஒருவர் ஓடித் திரும்ப 15 வினாடி. வரிசை ஒரு சுற்று முடிய 6 நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று முறை வாய்ப்பு. ஓடியது மொத்தம் முக்கால் நிமிடம். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுத்ததுதான்.

மறுநாள் நால்வர் நால்வராக ஆறு வரிசை போட்டேன். அதே 20 நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஓடினார்கள். பந்து விளையாட்டுக்கு இருந்தது இரண்டே பந்து என்பதால் பழைய துணியைச் சுருட்டிக் கட்டி நான்கு பந்து செய்தோம். அதுவும் போதாது, ஆனால் வரிசையில் நிற்பதைவிட மேல்.

இன்னொன்று, இந்த ‘அவுட்’. தொட்டுப் பிடிக்கும் ஆட்டத்தில் தினமும் முதலில் அவுட் ஆகிறவள் ஒருத்தி இருந்தாள். ஆட்டம் தொடங்கப் போகிறது என்றதும் ஷூ கயிற்றை அவிழ்ப்பாள், கட்டுவாள், மறுபடி அவிழ்ப்பாள். அவுட் ஆனதும் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவளைத்தான் முதலில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். இது உறைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது! இப்போது பிடிபட்டவர் பிடிக்கிறவரோடு கைகோத்துக்கொள்ள வேண்டும், சங்கிலி நீண்டுகொண்டே போகும். யாரும் வெளியேறுவதில்லை. போன மாதம் அவளுடைய கயிறு நிஜமாகவே அவிழ்ந்து தரையில் இழுபட்டது. ‘நில், கட்டிக்கொள்’ என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.

பெரிய பெண்களைத் தனியாகக் கவனி. 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுக்குள் 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. பெண்களில் அது 85 சதவீதம். என் மையத்தில் சுவரோரம் நின்றவர்களிடம் காரணம் கேட்டேன். “பையன்கள் பந்தைத் தரவே மாட்டார்கள்” என்றார்கள். ஒரு மூலையையும் பாட்டுப் பெட்டியையும் அவர்களிடமே விட்டுவிட்டேன். ஆடித் தீர்க்கிறார்கள்.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். வந்தவுடன் கொஞ்சம் கொடுத்துவிடு. மதியம் சாப்பிட்டதோடு இருக்கிற வயிறு. பசியோடு விளையாட விட்டால் சண்டைதான் வரும். குடிக்கத் தண்ணீர். நான் ஆரோக்கியம் என்று நினைத்துப் பழச்சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அது பழத்தின் சொந்தச் சர்க்கரைதான் என்றாலும், சாறாகப் பிழிந்துவிட்டால் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் அதைச் சேர்க்கிறது. முழுப் பழமாகத் தின்றால் அந்தக் கணக்கில் வராது. இப்போது சுளையாக உரித்து வைக்கிறேன். முழுப் பழத்தைக் கையில் கொடுத்தால் பாதி வீணாகிறது, நறுக்கி வைத்தால் தட்டு காலியாகிறது. கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்.

‘இதைத் தின்றால் மிட்டாய்’ என்ற பேரத்துக்கு மட்டும் போகாதே. லீஆன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1984-இல் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதுப் பானம் ஒன்றைக் குடித்தால் பரிசோ பாராட்டோ உண்டு என்றார்கள். பிள்ளைகள் குடித்தார்கள், ஆனால் அந்தப் பானத்தின் மேல் அவர்களுக்கு இருந்த விருப்பம் குறைந்துபோனது. லஞ்சம் கொடுத்துத் தள்ளுகிற பொருள் நல்லதாக இருக்காது என்று பிள்ளைக்குத் தெரியாதா என்ன! என் மையத்தில் ஒருவன் கேரட் துண்டைக் கண்டாலே தட்டை நகர்த்துவான். நான் ஒன்றும் சொல்லாமல் தினமும் இரண்டு துண்டு வைத்துக்கொண்டே இருந்தேன். சில நாள் அவற்றை வரிசையாக அடுக்கினான். ஒரு நாள் முகர்ந்தான். இன்னொரு நாள் முனையைக் கடித்துக் கைக்குட்டையில் துப்பினான். பத்து, பன்னிரண்டு முறை ஆன பிறகு, பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டே இரண்டையும் தின்று முடித்தான். கை தட்டப் போன தன்னார்வலரின் காலை மேசைக்கடியில் மிதித்தேன்.

அந்தத் தன்னார்வலர்கள்தான் கஷ்டம். பிள்ளைகளுக்கு வெள்ளரித் துண்டை நீட்டிவிட்டுத் தாங்கள் பாட்டிலில் சோடா குடிப்பார்கள். விசிலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று ஒரு நாள் நானும் சங்கிலியில் சேர்ந்தேன். இரண்டு நாள் முழங்கால் பேசியது. ஆனால் நான் ஓடுகிற நாளில் சோம்பேறிகளும் ஓடுகிறார்கள், என்னைப் பிடிப்பதில் அவ்வளவு ஆசை.

அடுத்த மாதம் இரண்டு நாள் வந்து தங்கிப் பார். பட்டியலை அப்புறம் நீயே எழுதிக்கொள்ளலாம். செருப்போடு வந்து ஓரமாக நின்றுவிடலாம் என்று நினைக்காதே, ஷூ எடுத்து வா. உன் அளவு என் கால் அளவுதான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் என்னிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி