கடலில் மணல் கொட்டப் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

தென்சீனக் கடலில் ஒரு பவளத்திட்டின் மேல் மணல் கொட்டித் தீவாக்கும் வேலைக்கு உன்னை அனுப்பப் போகிறார்கள் என்று போனில் சொன்னாய். எந்த நாட்டுக்காக என்று இப்போது வெளியே சொல்லக்கூடாது என்றாய், நானும் கேட்கவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக, "கட்டடம் வந்துட்டா இடம் அவங்களோடதுன்னு ஆயிடும்மா, அதான் இவ்வளவு அவசரம்" என்றாயே, அது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஆகாது, கண்ணு. ஏன் ஆகாது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் கோர்வையாக வரும்.

நம் சிங்கப்பூரின் பெட்ரா பிராங்கா பாறையையே எடுத்துக்கொள். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், நம் கரையிலிருந்து சுமார் 24 கடல் மைல் தள்ளி இருக்கிறது. மலேசியாவின் ஜொகூர் கரைக்கு அது 7.7 கடல் மைல்தான். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், பறவை எச்சத்தால் வெளுத்துப்போன ஒரு கருங்கல் பாறை. அங்கே 1850இல் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கினார். கல்லை எல்லாம் புலாவ் ஊபின் தீவில் வெட்டிக் கடல்வழியாகக் கொண்டுபோனார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாறையில் வேலை செய்யவே முடியாது. நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு தொடர்ந்து, 1851இல் விளக்கை ஏற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் பெயர் அதற்கு. இன்றும் நிற்கிறது. பொறியாளராக நீ அதைப் பார்த்தால் கும்பிடுவாய்.

கட்டியவருக்கே இடம் சொந்தம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1979 டிசம்பரில் மலேசியா ஒரு வரைபடம் வெளியிட்டு, அந்தப் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் மறுப்புக் கடிதம் அனுப்பியது. பேசிப் பேசி, 2003இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போயின. 2007 நவம்பரில் வாதம். நம் பக்கம் பேசியவர்களில் அப்போது துணைப் பிரதமராக இருந்த எஸ். ஜெயகுமாரும் ஒருவர். 2008 மே 23 அன்று 12க்கு 4 என்ற கணக்கில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருடையது என்று தீர்ப்பு வந்தது.

ஜெயித்தோம் என்று ஊரே பேசியது. எப்படி ஜெயித்தோம் என்று பேசியவர்கள் குறைவு. நான் அந்தத் தீர்ப்பை அச்செடுத்து மெதுவாகப் படித்தேன். சட்டம் தெரியாதவள்தான். ஆனால் வேலைக்காலம் முழுவதும் கோப்புப் பிரிவில் உட்கார்ந்து, வந்த கடிதம், போன கடிதம் என்று பதிவு எழுதியவளுக்கு அதில் பாதி புரிந்த விஷயமாகவே இருந்தது.

முதலில் நீதிமன்றம் சொன்னது நமக்குச் சாதகமானதே இல்லை. ஆதியில் அந்தப் பாறை ஜொகூர் சுல்தானுடையதுதான் என்றது. அந்தக் கடலில் படகே வீடாக வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் சுல்தானுக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பதை அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது. சுவர் வைக்காமல், கொடி நடாமல் அங்கே வாழ்ந்த மனிதர்களின் நடமாட்டமே ஒரு அரசின் உரிமைக்குச் சாட்சியானது. மலேசியாவின் வாதத்தில் நியாயம் இருந்தது, யாழினி. அங்கே பரம்பரையாக மீன் பிடித்த ஜொகூர் மீனவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அப்புறம் எப்படிக் கை மாறியது? 1953 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு ஒரு கடிதம் போனது. நம் கடல் எல்லையை வகுக்க வேண்டியிருக்கிறது, இந்தப் பாறை யாருடையது என்ற விவரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் பதில் எழுதினார். ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை என்பதுதான் பதில். ஒரே வாக்கியம். அதை எழுதியவர் நாளைக்கு அனைத்துலக நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரில் பதினாறு நீதிபதிகள் அதை வரி வரியாக அலசுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். அன்றைய தபாலில் வந்த நூறு கடிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். யாரோ ஒரு குமாஸ்தா அதைக் கோப்பில் வைத்தார், யாரும் எறியவில்லை, ஐம்பது ஆண்டு கழித்து அது எடுக்கும் இடத்தில் இருந்தது. நான் அந்த இடத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் உண்டு. 1844இல் பிரிட்டிஷ் ஆளுநர் பட்டர்வொர்த், கலங்கரை விளக்கம் கட்ட அனுமதி கேட்டு ஜொகூர் சுல்தானுக்கும் அவருடைய உயர் அதிகாரியான தெமெங்கோங்குக்கும் எழுதிய கடிதங்கள் கிடைக்கவே இல்லை. அவர்கள் எழுதிய பதில்கள் மட்டும் இருக்கின்றன. அந்தப் பாறையைக் குறிப்பிட்டுக் கேட்டாரா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

1953க்குப் பிறகு நடந்தவற்றையும் நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. அந்தத் தண்ணீரில் கப்பல் மோதினாலோ தரைதட்டினாலோ விசாரணை நடத்தியது சிங்கப்பூர். 1920இல் நடந்த ஒரு மோதலிலிருந்தே அந்த வழக்கம் இருக்கிறது. மலேசிய அதிகாரிகள் ஆய்வுக்காகப் பாறைக்கு வர வேண்டியிருந்தபோது, யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு அனுமதி கொடுத்ததும் சிங்கப்பூர்தான். மலாயாவும் பிறகு மலேசியாவுமே 1962 முதல் 1975 வரை வெளியிட்ட வரைபடங்களில் அந்தப் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சிட்டிருந்தது.

கொடி விஷயம் எனக்கு இன்னும் பிடித்தது. புலாவ் பீசாங் தீவிலும் சிங்கப்பூர்தான் விளக்கு நடத்துகிறது, ஆனால் தீவு மலேசியாவுடையது. 1968இல் அங்கே நம் கொடி பறப்பதைப் பார்த்து மலேசியா ஆட்சேபித்தது, நாம் இறக்கிவிட்டோம். பெட்ரா பிராங்காவிலும் அதே கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு ஏற்றினால் மட்டும் இடம் சொந்தமாகிவிடாது என்பதற்கு ஒரு தீவும், அடுத்தவர் வாய்மூடி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு தீவும்.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். 1978இல் சிங்கப்பூர் துறைமுக ஆணையம் பெட்ரா பிராங்காவைச் சுற்றிக் கடலைத் தூர்த்து நிலமாக்க நினைத்தது. செய்தித்தாளில் டெண்டர் விளம்பரமே கொடுத்தார்கள். பிறகு திட்டம் கைவிடப்பட்டது, ஒரு கூடை மண்கூடக் கொட்டவில்லை. ஆனாலும் அந்த விளம்பரம் சிங்கப்பூருக்குச் சாதகமான செயல் என்று நீதிமன்றம் எழுதியது. ஊரறிய அறிவித்தார்கள், அது விளக்கைப் பராமரிப்பதையும் தாண்டிய வேலை, மலேசியா ஒன்றும் சொல்லவில்லை. கட்டாத திட்டம் கணக்கில் வந்தது! 1980இல் தகராறு வெளிப்பட்ட பிறகு புதிதாக என்ன செய்திருந்தாலும் கணக்கில் வராது. வழக்குக்கென்று ஒரு தேதி குறித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தன் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்ளச் செய்த எதையும் நீதிபதிகள் ஒதுக்கிவிடுவார்கள்.

மலேசியாவும் இதே வழியில் ஜெயித்த வழக்கு உண்டு. போர்னியோவை ஒட்டியிருக்கும் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் இந்தோனேசியாவுக்குப் போகாமல் மலேசியாவுக்கு வந்தன. எதனால் தெரியுமா? வடபோர்னியோவில் பிரிட்டிஷார் 1917இல் ஆமைகளைக் காக்கக் கொண்டுவந்த சட்டத்தால், ஆமை முட்டை எடுப்பதை அங்கே முறைப்படுத்தியதால், 1933இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததால், அறுபதுகளில் வைத்த விளக்குகளால். அந்த வழக்குக்குத் தேதி 1969. பின்னால் வந்து பேர் வாங்கிய சுற்றுலா எதுவும் தராசில் ஏறவில்லை, ஆமை முட்டை ஏறியது.

நீ போகப்போகும் கடலுக்கு இது பொருந்துமா என்று கேட்பாய். 2013 கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் சீனா அங்கே ஏழு திட்டுகளில் சுமார் 1,300 ஹெக்டர் நிலத்தை உண்டாக்கியது. மூன்றில் பெரிய விமான ஓடுபாதைகள். 2016 ஜூலை 12 அன்று, பிலிப்பீன்ஸ் தொடுத்த வழக்கில் நடுவர் மன்றம் என்ன சொன்னது? இடம் யாருடையது என்பதற்குள் அது போகவில்லை. ஆனால் ஒரு திட்டு தீவா, பாறையா, நீருக்கடியில் கிடப்பதா என்பதை அதன் இயற்கை நிலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், மேலே எவ்வளவு மணல் கொட்டினாலும் அது மாறாது என்றது. அந்தக் கடலின் ஸ்ப்ராட்லி திட்டுகளில் ஒன்றுக்குக்கூட, மீனும் எண்ணெயும் எடுக்கும் தனி உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கிடையாது என்றும் சொன்னது. பவளத்துக்கு உண்டான சேதம் கடுமையானது, நெடுங்காலம் நீடிப்பது என்றும் எழுதியது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அதற்கு அப்புறமும் அந்தக் கடலில் மணல் கொட்டுவது நிற்கவில்லை. 2021 முதல் வியட்நாமும் வேகமாகச் செய்கிறது.

கட்டடத்துக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரேடார் வைத்தவனுக்குக் கண் தெரிகிறது, ஓடுபாதை வைத்தவன் சீக்கிரம் வந்து சேர்கிறான், பக்கத்தில் வலை வீசும் ஏழை மீனவன் விரட்டப்படுகிறான். அது பலம். பலத்தை உரிமை என்று நினைத்துக்கொண்டு நீ வேலைக்குப் போகாதே என்பதுதான் என் ஆதங்கம். உன் முதலாளிகள் உன்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அது தவறு.

நம் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். அதே 2008 தீர்ப்பில் பெட்ரா பிராங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. அங்கே அவர்கள் 2017இல் அபு பக்கர் கடல் தளத்தைத் திறந்தார்கள். அதே ஆண்டு பெட்ரா பிராங்கா தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவும் மனுப் போட்டு, 2018இல் திரும்பப் பெற்றார்கள். நம் அரசும் 2019இல் பெட்ரா பிராங்காவைச் சுற்றி நிலம் மீட்கப்போவதாக அறிவித்தது. கடல் பாதுகாப்பு, தேடல் மீட்புப் பணி என்று காரணம் சொன்னார்கள். யாருடையது என்று தீர்ந்துபோன இடத்தில், இரண்டு நாடும் அவரவர் பாறையில் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். தீராத இடத்தில் முந்திக்கொண்டு கொட்டுவது வேறு. அங்கே அழிந்த பவளத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

போகாதே என்று நான் சொன்னால் நீ கேட்கவும் மாட்டாய், அது சரியும் இல்லை. உன் படிப்பு, உன் முடிவு. ஆனால் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேள். அந்தத் திட்டு வேலை தொடங்குமுன் எப்படி இருந்தது என்று அளந்து, படமெடுத்து வைத்திருக்கிறார்களா? பவளத்துக்கு என்ன ஆகும் என்று ஆய்வு நடந்ததா, அதை உன் கண்ணால் பார்க்க விடுவார்களா? விபத்தில் சிக்கிய வேறு நாட்டு மீனவன் அங்கே கரையேறினால் அவனுக்குத் தண்ணீரும் மருந்தும் கிடைக்குமா, துப்பாக்கி முனை கிடைக்குமா? பதிலை வாயால் வாங்காதே, எழுத்தில் வாங்கி ஒரு பிரதியை எனக்கும் அனுப்பு.

நீ இருக்கும் டெல்ஃப்டிலிருந்து ஹேக் ரயிலில் கொஞ்ச நேரம்தான் என்பாய். அந்த நீதிமன்றம் இருக்கும் அமைதி மாளிகையை ஒரு சனிக்கிழமை போய்ப் பார். தீர்ப்பின் பிரதியைத் தனியாக அனுப்புகிறேன். 1953 கடிதம் வரும் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அங்கிருந்து ஆரம்பித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா