ரெண்டு சீட்டுக்கு நடுவில் ஒரு பெட்டி

ஆபிங்டன்,
ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரும் சுகம்தானே? ஆச்சிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதை யாரும் மறந்துவிட வேண்டாம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று தம்பி படம் அனுப்பியிருந்தான். இங்கே வருஷம் முழுக்கக் குற்றாலத்துச் சாரல்தான், அருவி மட்டும் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏலே, ரெண்டு சீட்டுக்கு நடுவுல கெடக்க ஒரு பெட்டியக் கழத்த ஒரு நாளா? இதுக்குத்தான் பிளேன் ஏறிப் போனியாக்கும்" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் அத்தானும் சிரித்தது கேட்டது. போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கி "சாப்ட்டியா" என்று கேட்டுவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு அப்புறம் ரெண்டு பேரும் சிரியுங்கள்.

நீங்கள் சிரித்த அந்தப் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். நான் வேலை பார்க்கும் பட்டறையில் அதைக் கழட்டிய வண்டியின் பெயர் எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், துணிக்கூரை, தரையோடு தரையாக இருக்கும். உங்கள் முழங்கால் வலிக்கு அதில் ஏறினால் இறங்க ஆள் வேண்டும். எம்ஜி என்ற கார் கம்பெனிக்காரர்கள் 1929-இல் இந்த ஆபிங்டனுக்கு வந்து, 1980-இல் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போனார்கள். எம்ஜிபியை 1962 தொடங்கி மூடுகிற வரைக்கும் இங்கேதான் செய்தார்கள். நம் ஊரில் ஓடும் ஹெக்டர் கார் இதே எம்ஜிதானா என்று தம்பி கேட்டான். பெயரும் எட்டு மூலை முத்திரையும் இதுதான். ஆனால் பல கை மாறிக் கடைசியில் சீனக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பானெட்டைத் தூக்கினால் உங்களுக்கு யாரும் எதையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் இருக்கிறதே, அந்த பி சீரிஸ் குடும்பம்தான் இதுவும். இதில் 1798 சிசி, கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டு. எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ வண்டி முதலில் அதே 1489 சிசியோடுதான் வந்தது. அதாவது, பாபநாசத்துக்கும் காரையாறுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய இன்ஜினைத்தான் இந்த ஊர்த் துரைமார் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். நம் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு கவுலியில் செய்த வண்டி. கவுலி இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். இங்கிலாந்தில் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நாம் 2014 வரை செய்துகொண்டிருந்தோம் என்று சொன்னால் பட்டறையில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் வாசலில் வண்டியோடு நிற்கும் படத்தைக் காட்டினேன். அப்புறம்தான் வாயை மூடினார்கள்.

நம் வண்டியில் இல்லாத சாமான் ஒன்று உண்டென்றால் இந்தக் கன்சோல்தான். நமக்குக் கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கிறது. முன்னால் ஒரே நீள சீட்டு, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும்போது டிரைவரோடு நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எம்ஜிபியில் ரெண்டு சீட்டுக்கும் நடுவே கியர்பாக்ஸின் மேடு ஓடுகிறது. கியர் ராடு அந்த மேட்டிலிருந்துதான் முளைக்கிறது. அந்த மேட்டை மூடி, டாஷ்போர்டின் அடி வரைக்கும் போகிற பிளாஸ்டிக் கூடுதான் கன்சோல். ரேடியோ, கடிகாரம், சிகரெட் லைட்டர் எல்லாம் அதற்குள். பின்பக்கம் கை வைத்துக்கொள்ள மூடி போட்ட சின்னப் பெட்டி.

நான் கழட்டியது 1978-ஆம் வருஷத்து வண்டி, முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர் பம்பர். ஓனர் ரிட்டையர் ஆன டீச்சரம்மா. நாலாவது கியரில் ஓவர்டிரைவ் பிடிக்கிறது, உடனே விட்டுவிடுகிறது என்று கொண்டுவந்தார். ஓவர்டிரைவ் என்பது டாப் கியருக்கு மேலே இன்னொரு படி. அதைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், காதுக்கும் நிம்மதி. இந்த வருஷத்து வண்டிகளில் அதற்கான சுவிட்சைக் கியர் ராடின் உச்சியில் கையால் பிடிக்கும் குமிழின், அதாவது நாபின், தலையிலேயே வைத்துவிட்டார்கள். ஒயர் ராடோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. கியர் மாற்றும்போதெல்லாம் ஒயரும் ஆடுகிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆடினால் எந்த ஒயர் தாங்கும்?

இப்போது வேலைக்கு வருகிறேன். முதல் காரியம் பேட்டரியின் எர்த்தைக் கழட்டுவது. பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. எர்த்தை எடுக்காமல் கன்சோலில் கை வைக்க முதலாளி விடமாட்டார். அதில் நியாயம் இருக்கிறது. இந்த வண்டியில் பிரவுன் நிற ஒயர் எல்லாம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வருவது. ஒன்று பாடியில் உரசினால் போதும், ஒயர் கட்டு முழுவதும் புகைந்துவிடும். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கறுப்பு எர்த். வெள்ளை, சாவி திருப்பினால் மட்டும். பச்சை, அதே வெள்ளை ஃபியூஸைத் தாண்டி வருவது. ஊதா, ஃபியூஸ் போட்டு எந்நேரமும் உயிரோடு இருப்பது. இந்தக் கணக்கு மனசில் பதிந்துவிட்டால் படமே வேண்டாம்.

அடுத்தது கியர் நாப். பெரும்பாலான வண்டிகளில் அதைப் பிடித்துத் திருகினால் வந்துவிடும். இதில் திருகினால் உள்ளே இருக்கும் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். மேலே இருக்கும் சுவிட்சை மெல்லிய தகடு விட்டு நெம்பி எடுத்து, ரெண்டு ஒயரையும் பிடுங்கிவிட்டு, பிறகுதான் நாபைத் திருக வேண்டும். சுவிட்சை எடுத்தபோதே வியாதி தெரிந்துவிட்டது. ஒரு ஒயரின் தோல் உரிந்து, உள்ளே செம்பு நூல் நாலைந்துதான் மிச்சம்.

அப்புறம் ஸ்க்ரூ. பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். தலையை உற்றுப் பார்த்தால் சிலுவைக்கு நடுவே சின்னச் சின்னதாக நாலு கோடு கூடுதலாகத் தெரியும். இதற்குப் போசிடிரைவ் என்று பெயர். சாதா ஸ்டார் டிரைவரைப் போட்டு அழுத்தினால் வழுக்கி வழுக்கித் தலை மொட்டையாகிவிடும். இதற்கு முன் இந்த வண்டியில் கை வைத்த யாரோ ஒருவர் அப்படிப் பாதி ஸ்க்ரூவை மொட்டையாக்கி வைத்திருந்தார். அதில் மூன்றை எடுக்கத்தான் மத்தியானம் முழுவதும் போனது. நம் பட்டறை என்றால் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியிருப்போம். இங்கே கன்சோலில் கீறல் விழுந்தால் டீச்சரம்மா முகத்தில் முழிக்க முடியாது. கீறல் இல்லாத பழைய கன்சோல் கிடைப்பது லேசில்லை.

கியர் ராடைச் சுற்றி ஒரு வளையம், அதைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள். வளையத்தை எடுத்தால், ராடின் அடியை மூடியிருக்கும் பூட் என்ற உறை மேலே வந்துவிடும். கைப்பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே அடியில் இன்னும் ஸ்க்ரூ. கால் வைக்கும் பக்கம் கார்ப்பெட்டை விலக்கினால் மேலும் சில. ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, அட்டையில் கன்சோலின் படம் போட்டு, எந்த இடத்து ஸ்க்ரூவோ அதை அந்த இடத்திலேயே குத்தி வைக்கிறோம். பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் போட்டு முறுக்கினால் பின்னால் இருக்கும் ஒயரைக் குத்திவிடும்.

கடைசியில் கியர் ராடைப் பின்னால் தள்ளி, கூட்டை மெதுவாக நம் பக்கம் இழுத்தால் வரும். பழைய பிளாஸ்டிக் குளிரில் அப்பளமாக நொறுங்கும் என்று முதலாளி பக்கத்தில் ஹீட்டரை வைத்துச் சூடேற்றச் சொன்னார். ஜூலை மாதத்தில்! இந்த ஊர் வெயில் அப்படி. ஒரு சாண் இழுத்ததும் நிறுத்தி, பின்னால் கையை விட்டு ஒவ்வொரு ஒயராகப் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிப் பிடுங்க வேண்டும். ரேடியோவுக்கு மட்டும் யாரோ வெளி ஒயர் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அந்த முறுக்கைப் பார்த்ததும் நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, யாருடைய வேலை என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டைத் தூக்கியதும் உள்ளே பார்க்க வேண்டுமே! ஹேர்பின், பென்சில் முனை, காய்ந்த மிட்டாய்க் காகிதம், அடியில் கறுத்துப்போன ஒரு அரை பென்னிக் காசு. அந்தக் காசு 1984 டிசம்பரோடு செல்லாமல் போய்விட்டது. அதற்கு முன்பே விழுந்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஓனரிடம் கொடுத்தோம். குப்பையையும் சேர்த்துத்தான், அது பட்டறை வழக்கம்.

இன்னொன்று கேளுங்கள். நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே ரோடு டாக்ஸ் கிடையாது, பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்தால் வருஷாந்திர சோதனையும் கட்டாயம் இல்லை. டாக்ஸ் சரி, சோதனை வேண்டாம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வயதான வண்டிக்குத்தானே பிரேக்கைப் பார்க்க வேண்டும்? முதலாளி பக்கம் எனக்கு ஆதரவு இருக்கிறது, அவருக்கு அதில் வருமானமும் இருக்கிறது.

மற்றபடி சௌகரியம்தான். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் தூக்கம்தான் கொஞ்சம் தகராறு. சனிக்கிழமை சமையல் என் முறை. போன வாரம் டப்பாத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன், இஞ்சிப் பச்சடியோடு. அறையில் கூட இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் இதைக் குழம்பு என்று ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார், ஆனால் மூன்று தடவை ஊற்றிக்கொள்கிறார். தீர்ந்துபோனதால் மதினியிடம் சொல்லி, வருகிற ஆள் கையில் சுக்குப் பொடி கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

தம்பி விஷயம். நீள சீட்டை எடுத்துவிட்டு ரெண்டு தனிச் சீட்டும், நடுவே கப் வைக்கும் கன்சோலும் போடப் போகிறானாம். எனக்கு இஷ்டமில்லை. ஆச்சி முன்னால்தான் உட்காருவேன் என்பாள், நடுவில் உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தலை சுற்றாது. கியர் ராடே இல்லாத தரையில் கன்சோலுக்கு என்ன வேலை? கேட்கமாட்டேன் என்றால், தரையில் டிரில் போட மட்டும் விடாதீர்கள். ஓட்டை போட்ட இடத்தில் ரெண்டு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். பழைய சீட்டைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாமல், எலி கடிக்காதபடி சாக்குச் சுற்றி மச்சில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளையும் அதோடு கட்டி வைக்கட்டும்.

பணம் வழக்கம்போல ஒன்றாம் தேதி அனுப்பிவிடுவேன். அம்மாவுக்கும் ஆச்சிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்