ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாப்பிள்ளை வெளிநாடு போய் வீடு பிடித்தாயிற்று. அடுத்த மாதம் நீயும் குட்டியும் கிளம்புகிறீர்கள். ராத்திரியில் குழந்தைக்கு உடம்பு கொதித்தால் இங்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். அங்கே அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே ஆறு மாசம் ஆகும். சுற்றியிருக்கும் மனுஷர்கள் தானாகச் செய்துவிடுகிற வேலையை எல்லாம் நீ முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காகிதங்கள். குட்டியின் பிறப்புச் சான்றிதழுக்குக் கிளம்பும் முன்பே அப்போஸ்டில் வாங்கிவிடு, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று நம் அரசு வைக்கும் முத்திரை. 1961ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குப் பெரும்பாலும் அது போதும். சேராத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். சான்றிதழ் கொடுத்த நாடுதான் அப்போஸ்டிலும் போட முடியும் என்பதால், போன பிறகு நினைவு வந்தால் தபாலில் அனுப்பி வாங்கி வாரக்கணக்கில் இழுக்கும். மொழிபெயர்ப்பை இங்கே அவசரப்பட்டுச் செய்யாதே. பல இடங்களில் அந்த நாட்டில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் ஏற்பார்கள், அப்போஸ்டில் பக்கத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வதும் உண்டு. அதனால் முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறதா பார். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் விரித்த பெயர் என்றிருந்தால் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது இரண்டு குழந்தைகள்.

தடுப்பூசி அட்டையை அப்படியே கொண்டுபோனால் போதாது. அதில் பாதி இடத்தில் மருந்துக் கம்பெனி வைத்த பெயர் மட்டும் கிறுக்கியிருக்கும், அங்குள்ள நர்ஸுக்கு அது புரியாது. எந்த நோய்க்கு, எந்தத் தேதியில், எத்தனையாவது தவணை என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி முத்திரை வாங்கு. மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம், எழுத்தில் எழுதச் சொல். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. ஒரு வயது நிறையும் முன் போட்ட தட்டம்மை ஊசியைச் சில நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. திரும்பப் போடச் சொன்னால் பயப்படாதே, சண்டையும் போடாதே. ஆனால் காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை என்றால், அவளுக்கு பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல். பிசிஜி போட்ட குழந்தைக்கு நோய் இல்லாமலேயே அந்த இடம் தடித்துக் காட்டலாம். ரத்தத்தில் செய்யும் காசநோய்ச் சோதனையை பிசிஜி குழப்பாது, அதைக் கேள்.

இனி காய்ச்சல். இதை இரண்டு முறை படி.

நமக்குத் தெரிந்த பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். மருந்து ஒன்றுதான். ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறு. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். குட்டி 16 கிலோ என்று வைத்துக்கொள், 240 மில்லிகிராம். லேபிளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 10 மில்லி ஊற்ற வேண்டும். 160 என்றிருந்தால் 7.5 மில்லி. 250 என்றிருந்தால் 4.8 மில்லிதான். இங்கே 10 மில்லி கொடுத்துப் பழகிய கை, அங்கே 250 பாட்டிலிலும் 10 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 500 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். சமையலறை ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் சிரிஞ்சால் அளந்து கொடு. வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. சளி மருந்துகள் சிலவற்றில் இதே பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே.

தெர்மாமீட்டர் அங்கே செல்சியஸில் காட்டலாம். 38 என்றால் நம் ஃபாரன்ஹீட்டில் 100.4. 39 என்றால் 102.2. 40 என்றால் 104. டாக்டரிடம் போனில் சொல்லும்போது அவர் கணக்கிலேயே சொல், "ரொம்பக் கொதிக்குது" என்றால் அங்கே யாருக்கும் ஒன்றும் விளங்காது.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்ப டாக்டரிடம் குட்டியின் பெயரைப் பதிந்துவிடு. அவள் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ராத்திரியில் ஆலோசனை சொல்லும் போன் எண் தனியாக இருக்கிறதா, ஆம்புலன்ஸ் எண் என்ன என்று கேட்டுக்கொள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911. டாக்டர் பார்த்துவிட்டு, வைரஸ்தான், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று ஆன்டிபயாட்டிக் எழுதாமல் அனுப்பினால், கவனிக்கவில்லை என்று நினைக்காதே. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனால் மூச்சு வாங்கினால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், யார் என்ன சொன்னாலும் உடனே தூக்கிக்கொண்டு போ. மொழி தடுக்கிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேள். பல ஆஸ்பத்திரிகளில் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள்.

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. மேலே ஆம்புலன்ஸ் எண். அடியில் வீட்டு முகவரி, அந்த ஊர் எழுத்தில் ஒரு தடவை, நீ வாய்விட்டுப் படிக்கத் தமிழில் ஒரு தடவை. எத்தனையாவது மாடி, கீழ் வாசலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் எழுது. ஆம்புலன்ஸ்காரர்கள் தெருவுக்கு வந்த பிறகு நேரம் வீணாவது அந்தக் கீழ் வாசலில்தான். பிறகு குட்டியின் பிறந்த தேதி, எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பாரசிட்டமால் எத்தனை மில்லி. எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடித்துத் திருத்து.

பள்ளிக்கூடத்தில் யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்று ஒரு படிவம் தருவார்கள். உங்கள் இருவர் பெயரோடு நிறுத்தாதே. பட்டியலில் இல்லாதவரிடம் குழந்தையை விடமாட்டார்கள், அது சரியும்கூட. வகுப்பில் ஒரு குழந்தையின் அம்மாவோடு முதல் மாதமே பழகி, அவர் பெயரை நீயும் உன் பெயரை அவரும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சில வாரம், சில நேரம் சில மாதம்கூட, வகுப்பில் அவள் வாயே திறக்கமாட்டாள். ஊமையாகிவிட்டாளோ என்று நெஞ்சு பதறும். காது வேலை செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடு. இந்த நேரத்தில் டீச்சர் நல்லெண்ணத்தோடு, வீட்டிலும் எங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று சொல்லக்கூடும். அதற்கு மட்டும் தலையாட்டாதே. உனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் நீ பேசினால் அவளுக்குக் கிடைப்பதும் அரைகுறைதான். கோபம், கதை, கேள்வி, கணக்கு எல்லாம் வீட்டில் தமிழில் நடக்கட்டும். தமிழில் விளங்கிய விஷயத்துக்கு இன்னொரு மொழியில் பெயர் மட்டும் கற்றால் போதும். விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தக மொழி வயதொத்த பிள்ளைகளுக்கு ஈடாக வர 5 முதல் 7 வருடம் பிடிக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். சரளமாகப் பேசுகிறாளே, ஏன் மார்க் வரவில்லை என்று இடையில் திட்டாதே.

கொஞ்ச நாளில் நீ தமிழில் கேட்டால் அவள் அந்த மொழியில் பதில் சொல்வாள். "தமிழ்ல சொல்லு" என்று அதட்டினால் பேச்சே நின்றுவிடும். அவள் சொன்னதையே நீ தமிழில் திருப்பிச் சொல்லி, மேலே ஒரு கேள்வி கேள். ஷூ நனைந்துவிட்டது என்று அவள் மொழியில் சொன்னால், "அடடா, ஷூ நனைஞ்சிருச்சா? எந்தக் கால் ஷூ?" அவ்வளவுதான். ராத்திரி 15 நிமிடம் தமிழில் ஒரு புத்தகம் வாசி. இன்னொன்று, வங்கியிலும் டாக்டரிடமும் அவளை மொழிபெயர்க்க வைக்காதே. பெரியவர்கள் கவலையைச் சுமக்கிற வயதில்லை அவளுக்கு.

நீ மட்டும் அவளோடு எல்லை தாண்டும்போது மாப்பிள்ளை கையெழுத்திட்டு நோட்டரி பார்த்த சம்மதக் கடிதமும் அவர் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். குட்டியின் பாஸ்போர்ட் 5 வருடம்தான். பல நாடுகள் இன்னும் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும், சில இடங்களில் தங்கும் அனுமதியும் பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே முடியும். முடிய ஒரு வருடம் இருக்கும்போதே தேதியைக் குறித்துவை.

எனக்குப் போன் போடும்போது அவளைக் கேமரா முன் உட்கார வைத்து "பாட்டிகிட்ட பேசு" என்று படுத்தாதே, நாலு வயசுக் குழந்தைக்கு அது தண்டனை. ஒரே கதைப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கிவிட்டேன். ஒன்று உன் பெட்டியில் வை, ஒன்று என்னிடம் இருக்கும். நான் வாசிக்கிறேன், அவள் பக்கம் திருப்பட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குட்டியை எடை போட்டுப் பார். எத்தனை கிலோ என்று எழுது.

அன்புடன்,
அம்மா